வேத விளக்கவுரைகளைத் தெரிந்தெடுப்பது எப்படி?



தோட்டத்து ஆலயங்களில் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போதகர் இருப்பதில்லை. ஒரே போதகர் பல சபைகளைக் கவனிக்க வேண்டியிருப்பதால், அவர் வராத நாட்களில் சபையாரில் ஒருவர் எழுந்து வேதபாடம் சொல்லுகிறார். வாரமெல்லாம் பால்மரம் சீவுகிறவராக அவர் இருக்கலாம். செம்பனைக் குலை அறுக்கிறவராக இருக்கலாம். பிள்ளைகளுக்கு ஞாயிறு பள்ளி நடத்தும் ஒரு தாயாராகவும் இருக்கலாம். அவர் சொல்லுவதைப் பெரியவர்களும் சிறுவர்களும் வேதவாக்காகவே எடுத்துக்கொள்ளுகிறார்கள்.

அப்படிப்பட்டவர் கையில் இருக்கும் புத்தகம் எப்படிப்பட்டது என்பது முக்கியமான கேள்வி. வேதாகமத்தோடு ஒரு விளக்கவுரையையும் வைத்துக்கொள்ள வேண்டும் என்று பலரும் விரும்புகிறார்கள். ஆனால் கடைக்குப் போனால், எதை வாங்குவது, எதை விடுவது என்று தெரியாமல் திகைக்கிறார்கள். அட்டையின் அழகையோ விற்பவர் சொல்லையோ நம்பி வாங்கிவிடுகிறார்கள். நல்ல விளக்கவுரை எது என்று நாமே சோதித்துப் பார்க்கும் வழியைத்தான் இன்றைய உரையில் பார்க்கப்போகிறோம்.

விளக்கவுரை என்பது தமிழருக்குப் புதிதன்று. திருக்குறளுக்குப் பழைய காலத்திலேயே பத்துப் பேர் உரை எழுதினார்கள் என்பது மரபு. அவர்களுள் பரிமேலழகர் உரை பெரும் புகழ் பெற்றது. சென்ற நூற்றாண்டில் டாக்டர் மு. வரதராசனார் எளியவர்களுக்கென்று சிறிய தெளிவுரை ஒன்றை எழுதினார். இந்த உரைகள் எல்லாம் பயன் உள்ளவை. ஆயினும் பரிமேலழகர் உரையைத் திருக்குறள் என்று நாம் சொல்லுவதில்லை. குறள் வேறு, உரை வேறு. ஓர் இடத்தில் ஓர் உரையாசிரியர் ஒருவிதமாகப் பொருள் கொண்டால், இன்னொருவர் வேறுவிதமாகப் பொருள் கொள்ளுகிறார். வேதாகமத்துக்கும் அதன் விளக்கவுரைக்கும் உள்ள உறவும் இதுவே. வேதவசனம் மூலம், விளக்கவுரை அதை விளங்கிக்கொள்ள ஒரு மனிதர் செய்த உதவி.

அந்த உதவி நமக்கு ஏன் தேவைப்படுகிறது? பழைய ஏற்பாட்டின் பெரும்பகுதி எபிரெய மொழியிலும், சில பகுதிகள் அரமேய மொழியிலும், புதிய ஏற்பாடு கிரேக்க மொழியிலும் எழுதப்பட்டன. புதிய ஏற்பாட்டு நூல்கள் எழுதப்பட்டு ஏறக்குறைய 1,900 ஆண்டுகள் ஆகின்றன. அந்த நாட்டின் நாணயம், நேரக்கணக்கு, கூலி வழக்கம், கல்யாண முறை எல்லாம் நம்முடையவற்றிலிருந்து வேறுபட்டவை. இவற்றை அறிந்தவர் ஒருவர் பக்கத்தில் அமர்ந்து சொல்லித்தந்தால் நமக்கு எத்தனை நன்மை! நல்ல விளக்கவுரை அந்த வேலையைச் செய்கிறது.

விளக்கவுரைகளில் வகைகள் உண்டு. முதல் வகை தியான உரை. வசனத்தை வாசித்து மனந்திரும்பவும் ஜெபிக்கவும் ஆறுதல் பெறவும் உதவுவது. இதற்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு, இங்கிலாந்து நாட்டுப் போதகர் மத்தேயு ஹென்றி 1700-களின் தொடக்கத்தில் எழுதிய உரை. அவர் 1714-ஆம் ஆண்டு இறந்தபோது அப்போஸ்தலர் நடபடிகள் வரைதான் எழுதியிருந்தார். ரோமர் தொடங்கி வெளிப்படுத்தின விசேஷம் வரை மற்றப் போதகர்கள் எழுதி முடித்தார்கள்.

இரண்டாம் வகை பின்னணி உரை. அக்காலத்துப் பழக்கவழக்கம், சொற்களின் பொருள், ஊர்களின் நிலை ஆகியவற்றைச் சாதாரண மக்களுக்குப் புரியும்படி சொல்லுவது. ஸ்காட்லாந்து நாட்டைச் சேர்ந்த வில்லியம் பார்க்லே எழுதிய புதிய ஏற்பாட்டு விளக்கநூல்கள் இவ்வகையைச் சேர்ந்தவை. கிளாஸ்கோ பல்கலைக்கழகத்துப் பேராசிரியரான அவர் 1978-இல் காலமானார். கிரேக்கச் சொற்களை அவர் போல எளிமையாக விளக்கியவர்கள் சிலரே. ஆனால் அற்புதங்கள் சிலவற்றை அவர் விளக்கும் முறையை எல்லாச் சபையாரும் ஏற்பதில்லை. இதையும் தெரிந்துகொண்டே வாசிக்க வேண்டும்.

மூன்றாம் வகை ஆராய்ச்சி உரை. மூலமொழிச் சொற்களையும் பழைய கையெழுத்துப் படிகளையும் ஒவ்வொன்றாக ஆராய்வது. இது போதகர்களுக்கும் இறையியல் மாணவர்களுக்கும் உரியது. புதிதாகப் பாடம் சொல்லித்தரத் தொடங்குகிறவர் இதில் பணத்தைச் செலவிட வேண்டியதில்லை.

எந்த வகையானாலும், வாங்குமுன் சோதித்துப் பார்க்க வேண்டும். மீன் வாங்கும்போது செவுளைத் திறந்து பார்க்கிறோம் அல்லவா? அதுபோல விளக்கவுரையைத் திறந்து பார்க்க மூன்று இடங்களைச் சொல்லுகிறோம். மூன்றும் உழைக்கும் மக்களாகிய நம் வாழ்க்கையைத் தொடுகிற இடங்கள்.

முதலாவது, மத்தேயு 20-ஆம் அதிகாரத்தில் வரும் திராட்சத்தோட்டத்துக் கூலியாட்களின் உவமை. ஒரு வீட்டெஜமான் விடியற்காலையில் ஆட்களைக் கூலிக்கு அமர்த்துகிறான். பிறகு மூன்றாம் மணி, ஆறாம் மணி, ஒன்பதாம் மணி, பதினோராம் மணி ஆகிய வேளைகளிலும் ஆட்களை அழைக்கிறான். மாலையில் எல்லாருக்கும் ஒரே கூலி கிடைக்கிறது. காலையில் வந்தவர்கள் முறுமுறுக்கிறார்கள்.

நல்ல விளக்கவுரை இங்கே என்ன சொல்லும்? சூரிய உதயத்திலிருந்து மணியைக் கணக்கிடும் வழக்கத்தை முதலில் சொல்லும். மூன்றாம் மணி என்பது நம் கணக்கில் காலை 9 மணி. பதினோராம் மணி மாலை 5 மணி. நம்மிடையே பெரிதும் வழங்கும் பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் பணம் என்று வரும் சொல் தெனாரியம் என்ற ரோம வெள்ளி நாணயத்தைக் குறிக்கிறது என்றும், அது ஒரு தொழிலாளியின் ஒரு நாள் கூலி என்றும் சொல்லும். கூலிக்காரனுடைய கூலியைச் சூரியன் அஸ்தமிக்குமுன் கொடுத்துவிட வேண்டும் என்று உபாகமம் 24-ஆம் அதிகாரம் கட்டளையிடுவதை எடுத்துக்காட்டும். மாலை ஐந்து மணிக்கு வந்தவர்கள் சோம்பேறிகளாக இருந்ததாக உவமை சொல்லவில்லை. தங்களை ஒருவரும் வேலைக்கு அழைக்கவில்லை என்பதே அவர்கள் சொன்ன பதில். இதையும் கவனிக்கச் செய்யும். அதன்பின், நாங்கள் எல்லாவற்றையும் விட்டு வந்தோமே, எங்களுக்கு என்ன கிடைக்கும் என்று 19-ஆம் அதிகாரத்தில் பேதுரு கேட்ட கேள்வியோடு இந்த உவமையை இணைத்துக் காட்டும். ஒரு நாள் கூலி இல்லாவிட்டால் அன்று இரவு வீட்டில் உலை ஏறாது. கடைசியில் வந்தவனுக்கும் பிள்ளைகள் உண்டு. கடவுளின் இரக்கம் எவ்வளவு பெரியது என்பது அப்போதுதான் நமக்கு உறைக்கும்.

பழங்காலத்து ஆசிரியர்களுள் ஓரிகன், மகா கிரெகொரி போன்றவர்கள் இந்த ஐந்து அழைப்புகளையும் உலகத்தின் ஐந்து காலங்கள் என்றோ, மனித வாழ்வின் ஐந்து பருவங்கள் என்றோ விளக்கினார்கள். பக்தியோடு சிந்தித்த சிந்தனைதான். ஆனால் ஒரு புத்தகம் அதை மட்டும் சொல்லி, கூலியைப்பற்றியும் பேதுருவின் கேள்வியைப்பற்றியும் ஒன்றும் சொல்லாமல் போனால், இயேசு சொன்ன கதை நம் கைக்கு வந்து சேரவில்லை. இன்னொரு புத்தகம், முதலாளி தன் பணத்தைத் தன் இஷ்டப்படி கொடுக்கலாம் என்பதே இதன் பாடம் என்று எழுதினால், அதை உடனே கீழே வைத்துவிடுங்கள். அந்த எஜமான் ஒருவனுக்கும் பேசிய கூலியில் குறைக்கவில்லை. அறுவடை செய்தவர்களின் கூலியைப் பிடித்துக்கொள்ளுகிறவர்களை யாக்கோபு 5-ஆம் அதிகாரம் எவ்வளவு கடுமையாகக் கண்டிக்கிறது என்பதையும் நல்ல உரை பக்கத்திலேயே நினைவூட்டும்.

இரண்டாவது சோதனை எபேசியர் 6-ஆம் அதிகாரம், 5-ஆம் வசனம் முதல் 9-ஆம் வசனம் வரை. எஜமான்களுக்குக் கீழ்ப்படியுங்கள் என்று பவுல் சொல்லும் இடம் அது. 1871-இல் வெளிவந்த பழைய மொழிபெயர்ப்பில் இது வேலைக்காரருக்குச் சொல்லப்பட்டதாக இருக்கிறது. ஆனால் கிரேக்க மூலத்தில் உள்ள சொல் அடிமைகளைக் குறிக்கும் சொல். கத்தோலிக்கரும் மற்றச் சபையாரும் சேர்ந்து 1995-இல் வெளியிட்ட பொது மொழிபெயர்ப்பாகிய திருவிவிலியம் அடிமைகள் என்றே சொல்லுகிறது.

இந்த ஒரு சொல்லில் எவ்வளவு அடங்கியிருக்கிறது, பாருங்கள். ரோமப் பேரரசில் அடிமை என்பவன் விலைக்கு வாங்கி விற்கப்பட்டவன். வேலையை விட்டுப் போகவோ கூலி கேட்கவோ அவனுக்கு உரிமை இல்லை. தோட்டத் தொழிலாளி அடிமை அல்லர். நம் முன்னோர்களைக் கட்டிவைத்த ஒப்பந்தக் கூலி முறை மலாயாவில் 1910-இல் ஒழிக்கப்பட்டது. 1954-இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவானது. 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம் இருக்கிறது. ஆகவே, சங்கத்தில் சேருவதும் நியாயமான கூலி கேட்பதும் பாவம் என்று யாராவது இந்த வசனத்தைக் காட்டிச் சொன்னால், அவர் வசனத்தைத் தவறான இடத்தில் பொருத்துகிறார்.

நல்ல விளக்கவுரை இங்கே மூன்று காரியங்களைச் செய்யும். மூலச்சொல்லின் பொருளைச் சொல்லும். 5-ஆம் வசனத்தோடு நின்றுவிடாமல் 9-ஆம் வசனத்துக்கும் வரும். எஜமான்கள் பயமுறுத்துவதை விட்டுவிட வேண்டும் என்றும், பரலோகத்தில் இருக்கும் எஜமானிடத்தில் பட்சபாதம் இல்லை என்றும் அங்கே பவுல் சொல்லுகிறார். கொலோசெயர் 4-ஆம் அதிகாரத்தின் முதல் வசனத்தையும் அது எடுத்துக்காட்டும். எஜமான்கள் நீதியாகவும் செவ்வையாகவும் நடத்த வேண்டும் என்ற கட்டளை அங்கே இருக்கிறது. உண்மையாக உழைப்பது கிறிஸ்தவனின் கடமை என்பதையும் அது மறைக்காது. இரண்டு பக்கத்தையும் சொல்லுகிற உரையே நேர்மையான உரை. ஒரு பக்கத்தை மட்டும் சொல்லுவது எஜமானுக்குச் சாதகமாக இருந்தாலும் சரி, தொழிலாளிக்குச் சாதகமாக இருந்தாலும் சரி, அது குறையுள்ளதே.

மூன்றாவது சோதனை யோவான் 9-ஆம் அதிகாரம். பிறவியிலேயே பார்வை இல்லாத ஒருவனைக் கண்ட சீஷர்கள், இவன் குருடனாய்ப் பிறந்தது யார் செய்த பாவம், இவனுடையதா, பெற்றோருடையதா என்று கேட்கிறார்கள். இயேசு இரண்டையும் மறுத்துவிடுகிறார். ஆனால் இன்றைக்கும் ஊனத்தோடு ஒரு பிள்ளை பிறந்துவிட்டால், தாயைப் பார்த்து, நீ என்ன பாவம் செய்தாயோ என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆலயத்துக்குள்ளேயே கேட்கிறவர்களும் உண்டு. அந்தத் தாய் ஞாயிற்றுக்கிழமை வந்து அமரும்போது, பாடம் சொல்லுகிறவர் கையில் இருக்கும் புத்தகம் அவளுக்கு என்ன சொல்லப்போகிறது? நோயும் ஊனமும் வறுமையும் பாவத்தின் தண்டனை என்று எல்லாருக்கும் ஒரே தீர்ப்பு எழுதுகிற விளக்கவுரை, இயேசுவின் பதிலுக்கே விரோதமானது. யோபுவின் நண்பர்கள் பேசிய தவறான பேச்சையும், லூக்கா 13-ஆம் அதிகாரத்தில் சீலோவாம் கோபுரம் விழுந்து இறந்தவர்களைப்பற்றி இயேசு சொன்னதையும் சேர்த்துக்காட்டுகிற உரையை நம்பி வாங்கலாம்.

இந்த மூன்று இடங்களையும் பார்த்த பிறகு, வேறு சில கேள்விகளையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

எழுதியவர் யார்? எந்தச் சபையைச் சேர்ந்தவர்? அப்போஸ்தலர் நடபடிகள் 16-ஆம் அதிகாரத்தில் சிறைச்சாலைக்காரனும் அவன் வீட்டார் எல்லாரும் ஞானஸ்நானம் பெறுகிறார்கள். குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்கும் லுத்தரன், மெதடிஸ்ட், ஆங்கிலிக்கன் சபைகளைச் சேர்ந்தவர் இதை ஒருவிதமாக விளக்குவார். பெரியவர்களுக்கு மட்டுமே கொடுக்கும் பாப்டிஸ்ட், பெந்தெகொஸ்தே சபைகளைச் சேர்ந்தவர் வேறுவிதமாக விளக்குவார். இதில் தவறில்லை. ஆனால் மறுதரப்பார் என்ன சொல்லுகிறார்கள் என்பதையும் மரியாதையோடு சொல்லுகிறாரா என்று பாருங்கள்.

கடினமான இடங்களை ஒப்புக்கொள்ளுகிறாரா? மாற்கு 16-ஆம் அதிகாரத்தில் 9 முதல் 20 வரை உள்ள வசனங்கள், நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய கிரேக்கப் படிகளுள் முக்கியமான இரண்டில் இல்லை. நேர்மையான உரை இதை மறைக்காமல் அமைதியாகச் சொல்லும். எல்லாம் எனக்குத் தெரியும் என்று பேசுகிற புத்தகத்தைவிட, இந்த இடத்தில் அறிஞர்கள் ஒருமனப்படவில்லை என்று சொல்லுகிற புத்தகம் நமக்கு அதிகம் உதவும். சீர்திருத்தச் சபைகளின் பெரிய ஆசிரியராகிய ஜான் கால்வின் புதிய ஏற்பாட்டின் பெரும்பகுதிக்கு உரை எழுதியவர். ஆயினும் வெளிப்படுத்தின விசேஷத்துக்கு அவர் உரை எழுதவில்லை. அந்த நூலின் ஒவ்வொரு வசனத்துக்கும் இன்ன நாடு, இன்ன ஆண்டு என்று அடித்துச் சொல்லுகிற புத்தகங்களைப் பார்க்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எந்தக் காலத்தில் எழுதப்பட்டது? பழைய ஆங்கில உரைகள் பல இன்று கைத்தொலைபேசியிலேயே இலவசமாகக் கிடைக்கின்றன. வெளியூரில் படிக்கும் பிள்ளைகள் தங்கள் பெற்றோருக்கு எடுத்துக் கொடுக்கலாம். பழையது என்பதால் தள்ளிவிட வேண்டாம். ஆனால் 1947-இல் தொடங்கிச் சவக்கடல் ஓரத்துக் கும்ரான் குகைகளில் பழைய ஏற்பாட்டுச் சுருள்கள் கண்டுபிடிக்கப்பட்டன. அதற்கு முன் எழுதியவர்களுக்கு அவற்றைப்பற்றித் தெரிந்திருக்க வழியில்லை. ஆகையால் பக்திக்குப் பழைய உரையும், செய்திகளுக்குப் பிந்திய உரையும் உதவும்.

தமிழில் எழுதப்பட்டதா, மொழிபெயர்க்கப்பட்டதா? கிறிஸ்தவ இலக்கியச் சங்கம் போன்ற பதிப்பகங்கள் தமிழில் விளக்கநூல்களை வெளியிட்டுள்ளன. மொழிபெயர்ப்பானால் ஒரு பக்கத்தைச் சத்தமாக வாசித்துப் பாருங்கள். வாசிக்கும்போதே நாக்குத் தடுக்குமானால், கேட்கிறவர்களுக்கு எப்படி விளங்கும்? எழுத்தின் அளவையும் பாருங்கள். இரவில் விளக்கடியில் வாசிக்கும் வயதானவர்களுக்குப் பொடி எழுத்து ஆகாது.

இனி, எதை முதலில் வாங்குவது? குறிப்பு வசனங்கள் உள்ள ஒரு நல்ல வேதாகமம் முதலில் வேண்டும். பிறகு வேதாகம அகராதி ஒன்று. ஊர், நாணயம், பண்டிகை எல்லாம் அதில் கிடைக்கும். மூன்றாவதாக, வேதாகமம் முழுவதற்கும் ஒரே தொகுதியாக அமைந்த விளக்கவுரை. அதன்பின் ஒரு சுவிசேஷத்துக்கு மட்டும் விரிவான உரை ஒன்று. பத்துப் பன்னிரண்டு தொகுதிகளை ஒரே தடவையில் கடனுக்கு வாங்கி அடுக்கி வைப்பதில் பயனில்லை. ஒரு குடும்பத்தால் முடியாவிட்டால், சபையில் நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து ஆண்டுக்கு ஒரு புத்தகம் வாங்கி ஆலயத்தில் வைக்கலாம். யார் எடுத்துப் போனார்கள், எப்போது திருப்பித் தந்தார்கள் என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்தால் போதும்.

வாங்கிய புத்தகத்தைப் பயன்படுத்துவதிலும் ஒரு முறை உண்டு. பால்வெட்டுக் கத்தி கூர்மையானது. ஆனால் ஆழமாக வெட்டினால் மரத்துக்குக் காயம்; மேலாக வெட்டினால் பால் வராது. கத்தியை வைத்திருப்பது மட்டும் போதாது, கை பழக வேண்டும். விளக்கவுரையும் அப்படித்தான். பாடத்துக்குரிய வேதபகுதியை முதலில் மூன்று முறை வாசியுங்கள். அப்போது விளக்கவுரையைத் தொடாதீர்கள். யார் பேசுகிறார், யாரிடம் பேசுகிறார், முன்னும் பின்னும் என்ன நடக்கிறது என்று பாருங்கள். விளங்காதவற்றைக் கேள்விகளாக எழுதிக்கொள்ளுங்கள். அதன் பிறகு விளக்கவுரையைத் திறந்து அந்தக் கேள்விகளுக்கு விடை தேடுங்கள். விடை வசனத்தோடு பொருந்துகிறதா என்று மறுபடியும் வசனத்துக்குத் திரும்பிப் பாருங்கள்.

பாடம் சொல்லும்போது விளக்கவுரையை அப்படியே வாசித்துக் காட்டாதீர்கள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. நீங்கள் விளங்கிக்கொண்டதை உங்கள் சொந்தச் சொற்களில், கேட்கிறவர்கள் வாழ்க்கையிலிருந்து உதாரணம் எடுத்துச் சொல்லுங்கள். வேதம் இப்படிச் சொல்லுகிறது என்பதையும், உரையாசிரியர் இப்படி நினைக்கிறார் என்பதையும் பிரித்துச் சொல்லுங்கள். இது சிறிய பழக்கந்தான். ஆனால் இந்தப் பழக்கம் உள்ள சபையில், ஒரு மனிதனின் கருத்து தேவகட்டளையாக மாறி எளியவர்களின் தலைமேல் ஏறாது. சந்தேகமான இடத்தில் இரண்டாவது உரை ஒன்றையும் பாருங்கள். போதகர் வரும்போது அவரிடமும் கேளுங்கள். கேட்பதில் வெட்கம் இல்லை. எத்தியோப்பிய மந்திரி ஏசாயாவின் சுருளை வாசித்துக்கொண்டிருந்தபோது, ஒருவர் வழிகாட்டாவிட்டால் எனக்கு எப்படி விளங்கும் என்று பிலிப்பைக் கேட்டான் அல்லவா? பிலிப்பு அந்த வேதவாக்கியத்திலிருந்தே தொடங்கி அவனுக்கு விளக்கினார்; வேலை முடிந்ததும் அங்கிருந்து போய்விட்டார். மந்திரி சந்தோஷத்தோடு தன் வழியே போனான்.

நல்ல விளக்கவுரையும் அப்படியே. அது வசனத்தைத் திறந்து காட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்ள வேண்டும். உங்கள் வீட்டிலோ ஆலயத்திலோ ஏற்கெனவே ஒரு விளக்கவுரை இருந்தால், இந்த வாரமே மத்தேயு 20, எபேசியர் 6, யோவான் 9 ஆகிய மூன்று இடங்களையும் திறந்து பாருங்கள். கூலியாளுக்கும், எஜமானுக்கும், ஊனமுற்ற பிள்ளையின் தாய்க்கும் அது என்ன சொல்லுகிறது என்று குடும்பத்தோடு அமர்ந்து பேசுங்கள். அந்தப் புத்தகத்தின் தரம் உங்களுக்கே விளங்கிவிடும்.